பக்கவாட்டு வெளிச்சம்

மாண்ட்ரியல் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி சின்னப் பையன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். பழைய அமெரிக்கப் படங்களில் வந்த பெண்களைப் பற்றிப் பேசுவதற்கு என்றேன். “அதற்கு இந்தியாவிலிருந்து ஆள் வரவேண்டுமா?” என்றான். நியாயமான கேள்விதான். மதுரையில் என் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள். அவர்களை முறைத்துவிட்டு வந்துவிட்டேன். இவனை முறைக்க முடியாது என்பதால் சிரித்து மழுப்பினேன்.

அழைத்தவர்கள் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தார். படவகைகள் மாற மாற அவற்றில் பெண் எப்படி மாறினாள் என்பது தலைப்பு. கல்லூரியில் நான் நடத்தும் பாடமும் அதுதான். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். என் பெயரை அவர்களிடம் சொன்னது ரஞ்சி. ரஞ்சி வேலை செய்யும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில்தான் சங்கத்துச் செயலாளரின் குழந்தை இருக்கிறது. அந்தக் காப்பகத்தை இங்கே எல்லோரும் ‘கார்டரி’ என்கிறார்கள், தமிழர்களும்கூட.

ரஞ்சி யாழ்ப்பாணத்துக்காரி. மதுரைக்குப் படிக்க வந்தபோது விடுதியில் என் அறைத்தோழி. இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. காரில் ஏறியதும், “குளிருதே வசந்தி? இது குளிரே இல்லை, பேந்து பாரன்” என்றாள். பிறகு என்பது அவளுக்கு இன்னும் ‘பேந்து’தான். நவம்பர் மாதம். வானம் கழுவாத பாத்திரம்போல் கிடந்தது. சாலை நெடுக ஆரஞ்சு நிறக் கூம்புகள். எங்கே பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தோண்டினால் கூம்பு வைக்கமாட்டார்கள், விழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் அவள் வீடு. கார் இல்லாவிட்டால் கைகால் இல்லாத மாதிரிதான் அங்கே. கணவர் லாரி ஓட்டி ஒன்டாரியோப் பக்கம் போயிருந்தார். பிள்ளைகள் வேறு ஊர்களில். அடித்தளத்து அறையில் ரஞ்சியின் தம்பி மனைவி சுகிர்தா இருந்தாள். நான் வந்த சத்தம் கேட்டு மேலே ஏறி வந்து, “வாங்கோ அக்கா, களைச்சுப்போனியள்” என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் அவள் சமைத்தவை. விமானத்தில் தந்த ரப்பர் முட்டைக்குப் பிறகு அந்தச் சொதியைக் குடித்தபோது எனக்கு உயிர் வந்தது.

சுகியின் கதை எனக்கு முன்பே தெரியும். யுத்தம் முடிந்த நாட்களில் ரஞ்சியின் தம்பி நேசன் ராணுவத்திடம் சரணடைந்தான். அவனைப் பேருந்தில் ஏற்றியதைச் சுகி கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை. பல வருடங்கள் அவனைத் தேடி அலைந்துவிட்டுப் போன வருடம் அவள் இங்கே வந்து அகதியாக ஏற்கும்படி கேட்டிருந்தாள். விசாரணை வருகிற வியாழக்கிழமை என்பதை மட்டும் ரஞ்சி எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை சுகி பிரெஞ்சு வகுப்புக்குப் போனதும் ரஞ்சி தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“உன்னைப் பேச்சுக்கு மட்டும் கூப்பிடேல்லை வசந்தி. இவளுக்கு நீ அழப் பழக்கவேணும்.”

“அழறதுக்கா?” என்றேன்.

“வக்கீல் பொம்பிளை ஒத்திகை வச்சவ. சுகி எல்லாத்தையும் சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள். புருசனைக் கொண்டுபோனதைச் சிரிச்சுக்கொண்டு சொன்னா எவன் நம்புவான்? விசாரணை கொம்பியூட்டரிலதான். முகம் மட்டும்தான் தெரியும். நீ இதைத்தானே வாழ்நாள் முழுக்கப் படிச்சனீ?”

“நான் நடிப்புச் சொல்லிக்கொடுக்கறவ இல்லடி. யாரோ நடிச்சதைப் பத்திப் பேசறவ.”

“ரெண்டும் ஒண்டுதான்” என்றாள். கோப்பையைக் கையால் சுழற்றினாள். “நானும் பாக்கவேணும் போல கிடக்கு. அவள் வந்து ஒரு வருசம். என்ர தம்பிக்காக அவள் ஒருக்கா அழுது நான் காணேல்லை.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பேச்சுக்கு என்று கூப்பிட்டுவிட்டு இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டுகிறாளே என்று. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தில் என் கோபம் எங்கோ போய்விட்டது.

அன்று மத்தியானம் சங்கத்து அரங்கைப் பார்த்துவர நானும் சுகியும் பேருந்தில் கிளம்பினோம். ரஞ்சிக்கு வேலை. பேருந்து பாதி வழியில் முனகிவிட்டு நின்றது. ஓட்டுநர் எழுந்து நின்று பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். மதுரையாக இருந்தால் இந்நேரம் நான்கு பேர் இறங்கித் தள்ளியிருப்பார்கள். மற்ற நான்கு பேர் ஓட்டுநருக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு முன்னால் இறங்கிய இரண்டு பாட்டிகளில் ஒருத்தி மற்றவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். சுகி எனக்குச் சொன்னாள்: “பஸ்ஸும் என்ர புருசன் மாதிரி, குளிர் வந்தா எழும்பாது எண்டு சொல்லுறா.” ஒரு வருடத்தில் அவ்வளவு பிரெஞ்சு பிடித்திருக்கிறாள்.

அடுத்த பேருந்து வரும்வரை பக்கத்திலிருந்த டெபனரில் ஒதுங்கினோம். பாலும் பீரும் லாட்டரிச் சீட்டும் விற்கிற மூலைக்கடை. உள்ளே ஒரு மூலையில் பூட்டின் போட்டுக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பழுப்பு நிறக் குழம்பை ஊற்றி, கடித்தால் கிறீச்சிடும் பாலாடைக்கட்டியைப் போட்ட பண்டம். மொறுமொறுப்பாக இருப்பதை ஏன் இப்படி நனைத்துக் கெடுக்கிறார்கள் என்றேன். “சூடாக் கிடக்கெல்லோ, அது போதும்” என்றாள் சுகி.

மரக் கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டே நான் கேட்காமலே சொன்னாள்.

“மச்சாள் உங்களிட்டச் சொல்லியிருப்பா. எனக்கு அழத் தெரியாது எண்டு. நான் அழுத அழுகை கொஞ்சமில்லை அக்கா. கிளிநொச்சியில ரோட்டோரத்தில பந்தல் போட்டு இருந்தனாங்கள், காணாமப்போன ஆக்களின்ர படத்தை வச்சுக்கொண்டு. படம் பிடிக்க ஆக்கள் வருவினம். வாற எல்லாருக்கும் அழவேணும். அழாட்டி அவை பக்கத்தில இருக்கிற ஆளிட்டப் போயிடுவினம்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நல்ல மனுசன். நான் அழுதுகொண்டிருக்கேக்க சூரியனை முகில் மறைச்சுப்போட்டுது. கொஞ்சம் பொறுங்கோ, முகில் விலகினதும் திருப்பி அழுங்கோ எண்டார். நானும் பொறுத்திருந்து அழுதனான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “அந்தப் படம் பேப்பரில பெரிசா வந்தது. அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கொண்டுதான் ஆமிக்காரங்கள் வீட்டுக்கு வந்தவங்கள். நல்லா அழுறாய், எங்களுக்கு முன்னால ஒருக்கா அழு பாப்பம் எண்டாங்கள்.”

கடைக்காரர் வானொலியைச் சத்தமாக வைத்தார். ஏதோ பனிச்சறுக்குப் போட்டியின் வர்ணனை.

“அண்டைக்கு நான் அழேல்லை அக்கா. பேந்தும் பேந்தும் வந்தவங்கள். அழவே இல்லை. அதுக்குப் பிறகு எனக்கு அது வாறதில்லை.”

அவர்கள் வந்து என்ன செய்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பேருந்து வந்துவிட்டது.

அன்று மாலை ரஞ்சியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அழவைக்க மாட்டேன். ஆனால் அழாமலே ஒரு முகத்தைப் பார்க்கிறவன் நம்பும்படி காட்ட முடியும், அது எனக்குத் தெரியும், அதைச் செய்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை முழுவதும் அடித்தளத்தில் உட்கார்ந்து என் பேச்சுக்காகக் கொண்டுவந்த படத்துண்டுகளைச் சுகிக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் ஊமைப்பட காலத்துத் தொடர்கள். ஒரு பெண் ஓடுகிற ரயிலின் கூரையில் ஓடுகிறாள், அங்கிருந்து குதிரைமேல் குதிக்கிறாள், திருடனைப் பிடித்துக் கட்டுகிறாள். சுகி கால்களை மடித்து உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்தாள்.

“இப்பிடிப் படமெல்லாம் எடுத்தவையோ? பேந்து ஏன் விட்டவை?”

தொழிலில் பணம் பெருகியதும் பெரிய மனிதர்கள் வந்தார்கள், குதிரையை ஆணிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணை வீட்டு வாசலில் நிற்க வைத்தார்கள் என்றேன். அதற்கு உதாரணமாக ஒரு கௌபாய் படம். கதாநாயகி கதவருகே நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தாள். “இது எங்கட வேலை” என்றாள் சுகி.

பேசும்படம் வந்த புதிதில் படபடவென்று பேசி, உழைத்து, ஆண்களைப் பந்தாடிய பெண்களைக் காட்டினேன். பிறகு ஒழுக்க விதிகள் வந்தன. தப்புச் செய்த பெண் படம் முடிவதற்குள் தண்டனை பெற்றே ஆகவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். வாயாடிப் பெண்கள் நகைச்சுவைப் படங்களுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்தது அழுகைப் படங்கள். பெண்களுக்காகவே எடுத்தவை. கதாநாயகி குழந்தையை விட்டுக்கொடுப்பாள், காதலனை விட்டுக்கொடுப்பாள், சன்னலோரம் நின்று கண்ணீர் விடுவாள். வெளிச்சம் முகத்துக்கு நேராக, மெத்தென்று விழும். அவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தபோது பெண்கள் வேலைக்குப் போய்ப் பழகியிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் பிறந்தவை குற்றப் படங்கள். அவற்றில் வரும் பெண் அழமாட்டாள். பாதி உதட்டில் சிரிப்பாள். சன்னல் பட்டைகளின் வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தில் கோடு கோடாக விழும். வசனமே வேண்டாம், அவள்தான் கொலைகாரி என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். சில சமயம் அழுகைப் படத்தில் பார்த்த அதே நடிகைதான் இதிலும் இருப்பாள். விளக்கை மட்டும் நகர்த்தியிருப்பார்கள். வயதான பிறகு அதே பெண்களைப் பேய்ப் படங்களில் தலைவிரி கோலமாக ஓடவிட்டார்கள்.

சுகி அந்தக் குற்றப் படத்துத் துண்டைத் திருப்பிப் போடச் சொன்னாள்.

“இவ உண்மையிலயே கொலை செய்தவவோ?”

“இந்தப் படத்துல கடைசி வரைக்கும் சொல்லமாட்டாங்க. ஆனா போலீஸ் கூட்டிட்டுப் போயிடும்.”

“முகத்தைப் பார்த்தா நான்தான்” என்று சிரித்தாள். நான் படத்தை நிறுத்தினேன்.

மேசையை அறையின் நடுவில் போட்டேன். மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு விளக்கு. அது முகத்தைக் குத்தாதபடி மேலே வெண்ணெய்த்தாள். இடது கன்னத்தில் நிழல் விழாமலிருக்க, துணி காயவைக்கும் கொடிச்சட்டத்தில் ரஞ்சியின் வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டினேன். விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பியது. திரையில் சுகியின் முகம் அவ்வளவு அமைதியாக, அவ்வளவு நல்லவளாகத் தெரிந்தது. ரஞ்சி பார்த்துவிட்டு, “கோயில் படம் மாதிரிக் கிடக்கு” என்றாள். மேலே கூரையை ஒட்டி ஒரு சின்ன சன்னல் இருந்தது. அதற்குப் பட்டைத் திரை. நான் வந்த நாளிலிருந்து சூரியனையே பார்க்காததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ரஞ்சி முருகன் கோயில் திருநீற்றைச் சுகிக்குப் பூசி, பிறகு கேமராவில் தெரியும் என்று அவளே துடைத்துவிட்டாள். திரையில் நான்கு சதுரங்கள். விசாரணையாளர், மூக்குக் கண்ணாடி போட்ட, சோர்ந்த முகமுள்ள ஒரு மனிதர். வக்கீல் ஓர் இளம்பெண். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நான்காவது சதுரத்தில் சுகி. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரணையாளர் கேட்டார். மச்சாள் இருக்கிறா என்றாள் சுகி. கேட்டு அனுமதி வாங்கியிருந்த விஷயம் அது. நான் மாடிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. விளக்கைக் கடைசியாக ஒருமுறை சரிசெய்துகொண்டிருந்தபோதே அவர்கள் தொடங்கிவிட்டார்கள். எழுந்து போனால் மரப்படி சத்தம் போடும் என்று சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். சுகி எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பேருந்தின் நிறம், நேசன் போட்டிருந்த சட்டை, அவன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டியது. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வெளிச்சம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிறகு அவர் அந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்தார்.

“இந்தப் படத்தில் நீங்கள் கதறி அழுகிறீர்கள். இன்று அதே சம்பவத்தைச் சொல்லும்போது உங்களிடம் ஒரு சலனமும் இல்லை. எனக்கு அது விளங்கவில்லை.”

“அண்டைக்கு அந்தப் படம் பிடிச்சவர் அழச் சொன்னவர். அதால அழுதனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் பெண் கண்களை மூடித் திறந்தாள்.

சரியாக அப்போதுதான் சூரியன் வந்தது. வாரம் முழுக்க வராத சூரியன். மேல் சன்னலின் பட்டைகள் வழியாக வெளிச்சம் சாய்ந்து இறங்கிச் சுகியின் முகத்தில் கோடு கோடாக விழுந்தது. நெற்றியில் ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று, வாயில் ஒன்று. திரையில் பார்த்தேன். நேற்று நான் போட்டுக் காட்டிய அதே பெண்.

என்னால் உட்கார முடியவில்லை. இந்த முப்பது வருடப் பழக்கம் என்னை எழுப்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டே எட்டில் போய்ப் பட்டைத் திரையை மூடினேன். போகும்போது விளக்குக்கும் விரிப்புக்கும் நடுவில் புகுந்திருக்கிறேன். என் நிழல் சுகியின் முகத்தைக் கடந்து போனது.

“அங்கே நகர்ந்தது யார்?” என்றார் அவர்.

கணினியைச் சுற்றித் திருப்பி அறையைக் காட்டும்படி சொன்னார். சுகி என்னைப் பார்க்கவேயில்லை. கணினியை இரண்டு கைகளாலும் தூக்கி மெதுவாகத் திருப்பினாள். வெண்ணெய்த்தாள் சுற்றிய விளக்கு. கொடிச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய படுக்கை விரிப்பு. மேசைக்குப் பின்னால் கைக்குட்டையோடு ரஞ்சி. சன்னல் பக்கம் கையை உயர்த்தியபடி நான். ஒரு படப்பிடிப்புத் தளத்தில் என்னவெல்லாம் இருக்குமோ எல்லாம் இருந்தது.

“இவையெல்லாம் எதற்கு?”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். கண் கூசுகிறது, வெளிச்சம் போதவில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சுகி கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நான் அழாட்டியும் நல்ல பொம்பிளை மாதிரித் தெரியவேணும் எண்டு வச்சது.”

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். டெபனரில் சிரித்த அதே சிரிப்பு. மொழிபெயர்ப்பாளர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். விசாரணையாளர் எதையோ எழுதிக்கொண்டார். நான் யார் என்று கேட்டார், சொன்னேன். பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றிப் பேச வந்தவள் என்று அந்த மனிதரிடம் சொன்னபோது என் வாய் கசந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு திரும்ப வந்து முடிவை வாயாலேயே சொன்னார். நாட்டில் நடந்தவை பற்றிய ஆவணங்களைத் தாம் மறுக்கவில்லை. ஆனால் சாட்சி சொன்னவர் ஒரு முறை புகைப்படக்காரருக்காக அழுததாக ஒப்புக்கொள்கிறார். இன்று விசாரணைக்காக ஒரு காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. அறிவிக்கப்படாத ஓர் ஆள் அறையில் இருந்திருக்கிறார். எனவே அவர் சொல்லும் எதை நம்புவது என்று தமக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சுகி, “மெர்சி” என்றாள். பிரெஞ்சு வகுப்பில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த ‘நன்றி’ அது.

வக்கீல் பெண் தொலைபேசியில் மேல்முறையீடு இருக்கிறது என்றாள். அவள் குரலிலேயே தெரிந்தது, அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று. நான் சுகியிடம் மன்னித்துவிடு என்றேன். வேறு என்ன சொல்வது? நான் மாடிக்குப் போயிருந்தால், அந்த வெளிச்சம் விழுந்துவிட்டுப் போயிருந்தால், ஒருவேளை அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். என்னைத் தவிர உலகத்தில் யார் அதைக் கவனிப்பார்கள்?

“நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்.

விரிப்பை அவிழ்த்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை ரஞ்சியிடம் நீட்டினாள். இருவரும் எட்டி நின்று உதறி, பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் வந்தார்கள். கைகள் சேர்ந்த இடத்தில் ரஞ்சி நின்றுவிட்டாள். “அவனுக்காக எண்டாலும் நீ ஒருக்கா…” என்று தொடங்கி முடிக்கவில்லை.

“இப்ப அழட்டோ மச்சாள்?” என்றாள் சுகி. குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே கேட்டாள். “இப்ப ஒருத்தரும் பாக்கேல்லை.”

ரஞ்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மடித்த விரிப்பை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “வேண்டாம். வா, புட்டு ஆறப்போகுது” என்றாள். மேலே போனவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை என் பேச்சு. வராதே என்று சொல்லியும் சுகி வந்தாள். மேலங்கியைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அரங்கில் பெரும்பாலும் தலை நரைத்த பிரெஞ்சுக்காரர்கள். ரயில் கூரையில் ஓடியவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அழுகைப் படத்தில் அமைதியானார்கள். குற்றப் படத்துப் பெண்ணைப் போலீஸ் கூட்டிப்போவதோடு நிறுத்தினேன். நான் எழுதி வைத்திருந்த முடிவுரையை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி கை தூக்கினார். “என் அம்மா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். அவள் குற்றம் செய்தாளா இல்லையா?”

தெரியாது என்றேன். அவளுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் சுகியும் சிரித்தாள்.

சனிக்கிழமை முழுக்க யாரும் விசாரணையைப் பற்றிப் பேசவில்லை. ரஞ்சி என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஊருக்குக் கொண்டுபோக மேப்பிள் பாகு வாங்கித் தந்தாள். ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. விடுதி நாட்களில் ஒரு சீப்பை எடுத்துப் பயன்படுத்தினாலே ஒரு வாரம் பேசாமலிருந்தவள் அவள். சுகி மேல்முறையீட்டுக்காக வக்கீலிடம் திரும்பவும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேருந்து, சட்டை, கையைக் காட்டியது. படியில் நின்று கேட்டேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ள அடித்தளத்துக்கு இறங்கினேன். வெயில் அடித்தது. திரும்பவும் இந்தப் பக்கம் எப்போது வருவேனோ, நான் வரும்போது அவள் இங்கே இருப்பாளோ, கிளிநொச்சியில் இருப்பாளோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சுகி என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “ஒரு படம் எடுப்பம் அக்கா, மச்சாளையும் கூப்பிடுறன்” என்று கைத்தொலைபேசியை எடுத்தாள்.

ரஞ்சி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். சுகி தொலைபேசியை உயர்த்திப் பார்த்தாள். பிறகு இறக்கினாள். என்னிடம் வந்து தோளைப் பிடித்துச் சன்னலிலிருந்து தள்ளி, வெள்ளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள்.

“இதில நில்லுங்கோ. அங்க நிண்டா முகத்தில கோடு விழுது. நீங்கள் அழுறதை ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

அவள் திருப்பிய பக்கமே நின்றேன்.